குருத்தை விரித்துப் பார்த்தீங்களா? மேல்மலைப் பூண்டுத் தோட்டத்தில் பூச்சியைச் சமாளிக்கும் முறை

பூண்டு போட்டவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, என்ன மருந்து அடிக்கிறீங்க?" என்பதுதான். "குருத்தை விரித்துப் பார்த்தீங்களா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். முக்கால்வாசிப் பேர் பார்த்திருக்க மாட்டார்கள். பூண்டுத் தாள் வெளுத்திருக்கிறது, நுனி காய்ந்திருக்கிறது, ஆகவே பூச்சி. பூச்சி என்றால் உடனே தோளில் டேங்க். நடுவில் பார்க்க வேண்டிய வேலை ஒன்று விட்டுப்போகிறது.

பூண்டைத் தின்ன வரும் ஒவ்வொன்றுக்கும் ஓர் இருப்பிடம் உண்டு. இலைப்பேன் குருத்து மடிப்பில் இருக்கும். சிலந்தி பல்லின் தோலுக்கு அடியில் இருக்கும். வெட்டுப்புழு பகலில் மண்ணுக்குள் ஒரு விரற்கடை ஆழத்தில் சுருண்டு கிடக்கும். அந்துப்பூச்சி, செடியில் தலையே காட்டாமல், கட்டித் தொங்கவிட்ட பூண்டில் வரும். எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் எந்த நேரத்தில் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்வது வீண் என்பது தானாக விளங்கிவிடும். நான் எழுதப்போவது அதைப் பற்றித்தான். மருந்துப் பட்டியல் மட்டும் வேண்டுமென்றால் கடைசிக்கு முந்தின பகுதிக்குப் போய்விடலாம். ஆனால் அது ரொம்பச் சின்னப் பட்டியல்.

எங்கள் ஊர் கொடைக்கானல் மேல்மலை, மன்னவனூர்ப் பக்கம். நான் பிறந்தது மலைக்குக் கீழே வத்தலக்குண்டுப் பக்கம். கல்யாணமாகி வந்த பிறகுதான் பூண்டு மண்ணுக்குள் விளைவதைக் கண்ணால் பார்த்தேன். படிக்கட்டு வயல், ஓடைத் தண்ணீர், மார்கழி தையில் உறைபனி. வைகாசியில் ஒரு நடவு, ஐப்பசி கார்த்திகையில் ஒரு நடவு. மலைப்பூண்டு என்று புவிசார் குறியீடு வாங்கியிருக்கும் பூண்டு இதுதான். ஊட்டிப் பக்கம் போடுகிறவர்களுக்கும் நான் சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். சமவெளியில், வடக்கே மத்தியப் பிரதேசம் குஜராத் மாதிரி குளிர்காலத்தில் போடுகிறவர்கள், நாள் கணக்கை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே சூடு அதிகம், பூச்சி வேகமாகப் பெருகும்.

விதைப் பல்லிலேயே பாதி முடிவாகிவிடும்

பூண்டுக்கு விதை என்பது பல்தான். ஏக்கருக்கு 200 கிலோவுக்கு மேல் விதைப்பூண்டு பிடிக்கும். அதனால் விதைக்குத்தான் பெரிய செலவு. விலை பார்த்து மிச்சம் மீதியை வாங்கி நட்டால் பூச்சியையும் காசு கொடுத்து வாங்கினதாகிவிடும்.

பல்லோடு வருகிறவர்களில் முக்கியமானது பூண்டுச் சிலந்தி. பூச்சி இனமே இல்லை, சிலந்தி இனம். கண்ணுக்குத் தெரியாது. நல்ல பூதக்கண்ணாடியில் பார்த்தால் வெள்ளையாகப் புழு மாதிரி நீளமாக ஒன்று நகரும். நட்ட பல் முளைக்கும்போது இதுவும் கூடவே மேலே ஏறும். அறிகுறி என்னவென்றால், இலை சரியாக விரியாது. ஓர் இலையின் நுனி அடுத்த இலையில் சிக்கிக்கொண்டு வளைந்து நிற்கும். ஓரத்திலும் நடு நரம்பை ஒட்டியும் மஞ்சள் கோடு ஓடும். பார்க்கிறவர்கள் வைரஸ் என்பார்கள், சத்துக் குறைவு என்று நுண்ணூட்டம் அடிப்பார்கள். வைரஸும் இருக்கலாம், ஏனென்றால் இந்தச் சிலந்தியே சில பூண்டு வைரஸ்களைப் பரப்பும். ஆனால் இலை சிக்கி வளைந்திருந்தால் முதலில் சிலந்தியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

விதை எடுக்கும்போது நான் செய்வது இது. கட்டிலிருந்து சில பூண்டை உடைத்து, பல்லின் தோலை உரித்து வெளிச்சத்தில் பார்ப்பேன். பல்லின் மேல் பழுப்பாகக் குழி விழுந்திருந்தாலோ, பல் சூம்பி லேசாக இருந்தாலோ அந்தக் கட்டு விதைக்கு ஆகாது. சமையலுக்கோ சந்தைக்கோ போகட்டும். நல்ல கட்டிலும் வெளிவரிசைப் பெரிய பல்லை மட்டும் எடுங்கள். உள்ளே இருக்கும் குச்சிப் பல்லை நட்டால் செடி சோனியாக வரும், சோனிச் செடி பேனைத் தாங்காது.

சந்தேகம் இருக்கிற விதையைச் சோப்பும் மினரல் ஆயிலும் கலந்த தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து நடலாம். இரண்டும் 2 சதவீதம், அதாவது 10 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சோப்பு, 200 மில்லி எண்ணெய். அன்றைக்கே நட்டுவிட வேண்டும். ஊறிய பல்லை மூட்டையில் வைத்தால் அழுகிப்போகும்.

தண்டு நூற்புழுவும் பல்லோடுதான் வரும். செடி குட்டையாக, அடி உப்பி, மஞ்சளாக நிற்கும். பிடுங்கினால் வேரோடு அடித்தட்டு மட்டும் தனியே மண்ணில் தங்கிவிடும். இதற்கு வெந்நீர் வைத்தியம் உண்டு. 38 டிகிரி வெதுவெதுப்பில் அரைமணி ஊறவைத்து, பிறகு 49 டிகிரியில் 20 நிமிடம், உடனே பச்சைத் தண்ணீரில் ஆறவிட வேண்டும். வெப்பமானி இல்லாமல் கைச்சூட்டில் பார்த்துச் செய்யாதீர்கள். இரண்டு மூன்று டிகிரி கூடினாலே பல் வெந்துபோகும், குறைந்தால் நூற்புழு பிழைத்துக்கொள்ளும். ஒரு கைப்பிடிப் பல்லில் செய்து நட்டு, முளைக்கிறதா என்று பார்த்த பிறகு மீதியில் இறங்கலாம். நூற்புழு கண்ட வயலில் சில வருஷம் பூண்டும் வெங்காயமும் போடாமல் கேரட், உருளை என்று மாற்றிவிடுவது இதைவிடச் சுலபம்.

மண்ணில் இருப்பவை

மேல்மலையில் தொழு உரம் ஏற்றிவருவது பெரிய செலவு. லாரியில் வந்து இறங்கினதும் அப்படியே வயலில் கொட்டி உழுதுவிடும் பழக்கம் எங்கள் பக்கம் நிறைய. மக்காத சாணி வந்தால் அதோடு வேரைத் தின்னும் வெண்புழு வரும். வெங்காய ஈயும் அந்த வாடைக்கு வந்து முட்டையிடும். உரத்தைக் குவித்து, நனைத்து, ஒருமுறை புரட்டிப் போட்டு, உள்ளே கை வைத்தால் சூடு இல்லை, வாடை இல்லை என்ற பிறகு வயலில் போடுங்கள். புரட்டும்போதே வெண்புழு கண்ணில் படும். எங்கள் வீட்டில் அது கோழிக்கு விருந்து.

வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையில் பூண்டுக்கு அடியுரமாக எக்டேருக்கு ஒரு டன் வேப்பம்பிண்ணாக்கு உண்டு. ஏக்கருக்கு 400 கிலோ வரும். காசைப் பார்த்துப் பலர் இதை வெட்டிவிடுகிறார்கள். வேறு எதை வேண்டுமானாலும் குறையுங்கள், இதைக் குறைக்காதீர்கள். உரமுமாச்சு, மண்ணில் இருக்கும் புழுபூச்சிக்குத் தடையுமாச்சு. வெண்புழு தொந்தரவு உள்ள வயலில், புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணத்தை மக்கிய உரத்தில் கலந்து, ஈரம் காயாமல் மூடிவைத்துப் பெருகவிட்டுப் போடலாம். எங்கள் குளிரும் ஈரமும் மனிதருக்குத்தான் கஷ்டம், அந்தப் பூஞ்சாணத்துக்கு மண்ணில் ஈரம் இருந்தால் சந்தோஷம். கோடை மழை விழுந்ததும் சாயங்காலம் வெண்புழுவின் தாய்வண்டுகள் கிளம்பும். அப்போது விளக்குப்பொறி வைத்துப் பிடித்தால் அடுத்த தலைமுறை குறையும்.

வெட்டுப்புழு நடவு முடிந்த முதல் மாதத்து எதிரி. காலையில் போனால் இளஞ்செடி தரைமட்டத்தில் கத்தரித்த மாதிரி சாய்ந்து கிடக்கும். ஆடு கடித்ததா, எலி கடித்ததா என்று வீட்டில் பஞ்சாயத்து நடக்கும். செடியைச் சுற்றி ஒரு குச்சியால் மண்ணைக் கிளறுங்கள். சாம்பல் கருப்பாக, தொட்டால் சுருண்டுகொள்ளும் புழு அகப்பட்டால் சந்தேகம் தீர்ந்தது. ஒரே புழு வரிசையாகப் பல செடிகளை ஒரே ராத்திரியில் சாய்க்கும். அதனால் கையால் பொறுக்கி எடுப்பதற்கு நல்ல பலன் உண்டு. பூச்சி எண்ணிக்கை கம்மி, சேதம்தான் பெரிது. இருட்டிய பிறகு டார்ச்சோடு ஒரு நடை நடந்தால் மண்ணுக்கு மேலேயே பிடிக்கலாம். அங்கங்கே களையையும் முட்டைக்கோஸ் கழிவு இலையையும் சின்னக் குவியலாகச் சாயங்காலம் வைத்து, காலையில் தூக்கிப் பார்த்தால் அடியில் ஒதுங்கியிருக்கும். வெட்டுப்புழுவின் தாய் அந்துப்பூச்சி (சேமித்த பூண்டில் வருவது வேறு) களையில்தான் முட்டையிடும். எனவே நடவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே களை எடுத்து மண்ணைப் புரட்டிப் போட்டால் பாதிப் புழு பட்டினியிலும் பறவை வாயிலும் போய்விடும். களை எடுத்த மறுநாளே நட்டால், பசியோடு இருக்கும் புழுவுக்கு வயலில் உங்கள் பூண்டு மட்டும்தான் பச்சை.

வெங்காய ஈப்புழு எங்கள் வயலில் எப்போதாவதுதான். வாடின செடியை இழுத்தால் கையோடு வந்து, அடியில் அழுகலும் வெள்ளைப் புழுவும் இருந்தால் அதுதான். அந்தச் செடியைப் பிடுங்கி வயலுக்கு வெளியே அழித்துவிடுங்கள். வரப்பில் வீசினால் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டி, ஈயாகித் திரும்ப வரும்.

இலைப்பேன்: நிறைய எழுத வேண்டியது இதைப் பற்றித்தான்

பூண்டில் பணத்தைத் தின்கிற பூச்சி என்றால் இலைப்பேன்தான். வெங்காயத்தில் வரும் அதே பேன். நீளம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். குஞ்சு வெளிர் மஞ்சளாக இருக்கும். வளர்ந்தது மஞ்சள் பழுப்பு, குளிர் காலத்தில் இன்னும் கருத்துத் தெரியும். பெரும்பாலும் எல்லாமே பெண்தான். ஆண் இல்லாமலே முட்டையிட்டுப் பெருகும். அதனால் ஒன்றிரண்டுதானே என்று விட்டால் ஒரு மாதத்தில் வயல் வெள்ளி பூத்துவிடும்.

அது இலையைக் கடித்துத் தின்னாது. தோலைச் சுரண்டி வடியும் சாற்றை உறிஞ்சும். சுரண்டின இடம் வெள்ளிக் கோடாகத் தெரியும், கூடவே கரும்புள்ளியாக எச்சம் இருக்கும். இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். உறைபனி பட்ட தாளும் வெளுக்கும், ஆனால் அது நுனியிலிருந்து காய்ந்து வரும், வயலில் பள்ளமான பாத்திகளில் மொத்தமாக ஒரே ராத்திரியில் தெரியும், கரும்புள்ளி இருக்காது. பனிக்குக் கருகின பூண்டுக்குப் பேன் மருந்து அடித்தவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன்.

பார்க்கும் முறை: காலையில் பனி விலகிய பிறகு, வயலின் நடுவில் கொஞ்சம், ஓரத்தில் கொஞ்சம் என்று செடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். நடுக் குருத்தின் இரண்டு இலைகளைக் கட்டைவிரலால் பிரித்து, மடிப்பின் அடிவரை பாருங்கள். பேன் அங்கேதான் நெருக்கமாக இருக்கும். வெளியிலையில் இருப்பது கொசுறு. கண் மங்கலாக இருப்பவர்கள் செடியைப் பிடுங்கி ஒரு கருப்புத் துணிமேல் தட்டினால் வெளிர்க் குஞ்சுகள் ஊர்வது தெரியும். வெள்ளைக் காகிதத்தில் தட்டச் சொல்வார்கள். அதில் பெரிய பேன்தான் தெரியும், குஞ்சு தெரியாது. என் மாமியார் பழைய குடைத் துணி ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கிறார்.

எத்தனை இருந்தால் கவலைப்பட வேண்டும்? வெங்காயத்துக்குச் செடிக்கு 30 பேன் என்று ஒரு வரம்பு சொல்வார்கள். பூண்டுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம். நாலு இலைச் செடிக்கு 30 என்பது அதிகம், நான் அதில் பாதியிலேயே வேலையைத் தொடங்குவேன். குமிழ் திரளத் தொடங்கும் மாதத்திலும் அப்படியே. மாறாக, தாள் மஞ்சளாகிச் சாயத் தொடங்கிவிட்டால் 50 இருந்தாலும் நான் கை வைக்க மாட்டேன். அந்த இலைக்கு இனிமேல் குமிழைப் பெருக்க வேலை இல்லை. அடிக்கிற மருந்து பூண்டோடு சந்தைக்குப் போவதுதான் மிச்சம்.

இனி அதன் வாழ்க்கையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். மருந்து ஏன் கேட்கவில்லை என்பதற்கு விடை அதில்தான். முட்டையை இலைத் தசைக்குள் செருகி வைக்கும். குஞ்சு வெளிவந்து இரண்டு பருவம் குருத்துக்குள் தின்னும். பிறகு தின்பதை விட்டு மண்ணுக்கு இறங்கிக் கூட்டுப்புழு மாதிரி ஓய்வெடுக்கும். அதன்பின் சிறகோடு மேலே வரும். வெயில் நாளில் இரண்டு மூன்று வாரத்தில் இந்தச் சுற்று முடியும், குளிரில் இன்னும் நீளும். நீங்கள் டேங்கோடு போகும் அன்று, இலைக்குள் முட்டையும் மண்ணுக்குள் கூட்டுப்பருவமும் பத்திரமாக இருக்கின்றன. எவ்வளவு வீரியமான மருந்தானாலும் அவற்றுக்குச் சேதமில்லை. ஒரு வாரம் கழித்து அவை குஞ்சாகவும் பேனாகவும் வரும்போது, "மருந்து போலி" என்று கடைக்காரரோடு சண்டை போடுகிறோம். போலியும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பல நேரம் விஷயம் இதுதான்.

பேனுக்குப் பிடிக்காதது மழை. நல்ல சாரல் இரண்டு நாள் அடித்தால் பாதி கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் வைகாசிப் பட்டத்தில் தொல்லை குறைவு. கார்த்திகை நடவுதான் அகப்பட்டுக்கொள்ளும். மாசி மாதம் வானம் துடைத்து விட்ட மாதிரி காய்கிறபோது குமிழ் திரள்கிற நேரமும் சேர்ந்து வரும். அப்போது நான் செய்கிற முதல் வேலை ஸ்பிரிங்ளரைத் திருப்பிவிடுவது. மேலிருந்து விழும் தண்ணீர் பேனை உதிர்க்கும், மண்ணையும் ஈரமாக வைக்கும். காலையிலேயே விட்டுவிடுங்கள், வெயிலில் இலை காய்ந்துவிட வேண்டும். ராத்திரி முழுக்க இலை நனைந்து கிடந்தால், பேன் சுரண்டின காயம் வழியாக ஊதா நிறக் கருகல் நோய் ஏறும். சொட்டுநீர் மட்டும் போட்டிருப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. அவர்கள் தெளிப்பானில் வெறும் தண்ணீரை அழுத்தமாகக் குருத்தைப் பார்த்து அடித்தாலும் பலன் உண்டு.

மூடாக்கு இரண்டாவது. வைக்கோல் கிடைத்தால் பாத்தியில் மெல்லிசாகப் பரப்புங்கள். பேன் குறைவதோடு, அதைத் தின்கிற எட்டுக்கால் பூச்சிகளும் சின்ன வண்டுகளும் அங்கே குடியேறும். எங்களுக்கு வைக்கோல் கீழேயிருந்து வர வேண்டும், கட்டுப்படியாகாது. காய்ந்த புல்லையே வெட்டிப் போடுகிறோம். விதை பிடித்த புல் வேண்டாம், களைக்கு நாமே விதைத்த மாதிரி ஆகும்.

மூன்றாவது யூரியா. பரிந்துரைப்படி தழைச்சத்து எக்டேருக்கு 40 கிலோ அடியுரம், நட்ட 45ஆம் நாளில் 35 கிலோ மேலுரம். தாள் கரும்பச்சையாகக் கொழுகொழு என்று நிற்பது பார்க்க அழகு. பேனுக்கும் அது அழகாகத்தான் தெரியும். பக்கத்து வயலைவிட நம் வயல் பச்சை குறைவாகத் தெரிகிறதே என்று கூடுதலாக ஒரு கை வீசாதீர்கள்.

நாலாவது வேலி. புணேக்குப் பக்கத்தில் ராஜகுருநகரில் இருக்கும் வெங்காயம், பூண்டு ஆராய்ச்சி மையம், வெங்காய நடவுக்கு ஒரு மாதம் முன்பே வயலைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளம் போடச் சொல்கிறது. பேனுக்குப் பறக்கத் திராணி குறைவு, காற்றில்தான் மிதந்து வரும். உயரமான சோள வரிசை அதைத் தடுக்கும். எங்கள் குளிரில் மக்காச்சோளம் மெதுவாக வளரும், இன்னும் முன்னாலேயே போட வேண்டும். படிக்கட்டு வயலில் நாலு பக்கமும் போட இடமில்லை என்றால் காற்று வரும் பக்கம் மட்டுமாவது போடுங்கள். பக்கத்தில் அறுவடை முடிந்த பூண்டு வயலில் தப்பி முளைத்த செடிகள் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு பட்டத்துப் பேன் அடுத்த பட்டம் வரை தங்குவது அந்த அநாதைச் செடிகளில்தான்.

நீல ஒட்டும் அட்டை, ஏக்கருக்கு 15, 20 என்று செடிக்குச் சற்று மேலே கட்டினால் பேன் வருகையைக் காட்டும். அதுவே பேனை ஒழித்துவிடும் என்று விற்பார்கள், நம்பாதீர்கள். அது காவல்காரன் மட்டும்.

இதற்கு மேலும் ஏறினால் வேப்பங்கொட்டைக் கரைசல். 10 லிட்டர் டேங்குக்கு அரைக் கிலோ வேப்பம்பருப்பு. இடித்து, துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, காலையில் பிழிந்து பிழிந்து எடுத்தால் பால் மாதிரி வரும். பால் நிறம் இல்லையென்றால் கொட்டை பழசு. மேல்மலையில் வேம்பு வளராது. ஆனி ஆடியில் கீழே பழம் உதிரும்போது என் அம்மா வீட்டிலிருந்து வாங்கி நிழலில் உலர்த்தி வைப்பேன். மூன்று மாதத்துக்குக் குறையாத, எட்டு மாதத்தைத் தாண்டாத கொட்டைதான் வீரியம். சோப்புக் கரைசல் கொஞ்சம் சேர்த்து, மாலை மூன்றரை மணிக்கு மேல் அடியுங்கள், வெயில் அதன் சத்தைக் கெடுத்துவிடும். கொட்டை கிடைக்காதவர்கள் 1500 பிபிஎம் வேம்பு மருந்தை லிட்டருக்கு 5 மில்லி சேர்க்கலாம். அடித்த மறுநாளே பேன் சாகவில்லை என்று கோபப்படாதீர்கள். வேம்பு கொல்வதைவிடத் தின்னவிடாமலும் வளரவிடாமலும் செய்வது அதிகம்.

பிவேரியா பூஞ்சாணம் லிட்டருக்கு 5 கிராம், பனிமூட்டம் இறங்கும் சாயங்காலத்தில் அடித்தால் எங்கள் மலையில் நன்றாகவே பிடிக்கிறது. ஒரு விஷயம் மட்டும் கவனம். கருகலுக்கென்று அடிக்கும் பூஞ்சாண மருந்தை அதே டேங்கில் கலக்காதீர்கள். பூஞ்சாணத்தைக் கொல்கிற மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது.

மருந்தும் டேங்கும்

இதையெல்லாம் தாண்டியும் குமிழ் திரளும் நேரத்தில் பேன் வரம்பைத் தாண்டினால் நானும் ரசாயனம் அடிப்பேன், மறைக்க ஒன்றுமில்லை. வெங்காயப் பேனுக்கு லேபிளில் இருக்கும் பிப்ரோனில் 80 டபிள்யூஜி, 10 லிட்டருக்கு ஒன்றரை கிராம். இன்னொரு முறை தேவைப்பட்டால் ஸ்பைனோசாட் மாதிரி வேறு குடும்பத்து மருந்து, லேபிளில் போட்டிருக்கும் அளவில். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் தப்பிப் பிழைத்த பேனின் குஞ்சுகளுக்கு அந்த மருந்து கேட்காமல் போகும். பேர் வேறாக இருந்தாலும் உள்ளே சரக்கு ஒன்றாக இருக்கலாம், டப்பாவின் முன்பக்கப் பேரைப் பார்க்காமல் பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பொருளைப் படியுங்கள். பூண்டோ வெங்காயமோ லேபிளில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சந்தேகம் வந்தால் கொடைக்கானல் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ, உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ கேட்டுவிடலாம். லாம்டா சைஹாலோத்ரின் வகை விலை மலிவு என்று பலர் எடுக்கிறார்கள். அது பேனைத் தின்னும் கண்ணாடி இறக்கைப் பூச்சி, பொறிவண்டு எல்லாவற்றையும் சேர்த்துக் கொல்லும், அதன்பின் சிலந்தி கிளம்பும். எனக்குப் பிடித்தமில்லை.

வீட்டில் பழைய நோட்டீஸ், பழைய விவசாயப் புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு: வெட்டுப்புழுவுக்குத் தவிட்டில் கார்பாரில் கலந்து வை என்று இருக்கும், அது 2018இல் தடையானது. நடும்போது போரேட் குருணை போடு என்று இருக்கும், 2020 டிசம்பர் 31க்குப் பிறகு அதுவும் இல்லை. சிலந்திக்கு டைக்கோபால் என்று இருக்கும், 2023இல் அதையும் நிறுத்தியாயிற்று. யாராவது பழைய இருப்பை எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். சிலந்திக்கு இப்போது நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் போதும், உச்சி வெயிலில் மட்டும் வேண்டாம்.

மருந்தைவிட அடிக்கும் விதத்தில்தான் பிழை அதிகம். பூண்டு இலையில் மெழுகு உண்டு. சேப்பங்கிழங்கு இலையில் உருள்கிற மாதிரி தண்ணீர் உருண்டு ஓடிவிடும். ஒட்டும் திரவம் டேங்குக்கு 5 மில்லி கட்டாயம். ஏக்கருக்கு 200 லிட்டர் கலவை வேண்டும், அதாவது 10 லிட்டர் டேங்கில் இருபது. தண்ணீர் சுமக்கச் சலித்துக்கொண்டு எட்டு டேங்கில் மருந்தைக் கூட்டிப் போட்டு முடிக்கிறார்கள். வெளியிலை கருகும், குருத்துக்குள் ஒரு சொட்டும் போகாது. கூம்பு நாசில் போட்டு, மேலிருந்து குருத்துக்குள் இறங்கும்படி, மெதுவாக நடந்து அடியுங்கள். வளர்ந்த ஆள் வேக நடை போட்டால் அந்த டேங்க் வீண். இரண்டாவது முறை அடிப்பதானால் ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் குருத்தை மறுபடி பார்த்துவிட்டு. அறுவடைக்கு எத்தனை நாள் முன் நிறுத்த வேண்டும் என்பது லேபிளில் இருக்கும்.

எங்கள் வயலில் வழிவது கீழ்ப் பாத்திக்கும், அங்கிருந்து ஓடைக்கும் போகும். பிப்ரோனில் மீனுக்கும் தேனீக்கும் கடும் விஷம். பக்கத்தில் பட்டாணி பூத்திருந்தால் தேனீ அடங்கிய பிறகு அடிக்க வேண்டும். டேங்கை ஓடையில் கழுவுகிறவர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன். கழுவின தண்ணீரை வயலிலேயே தெளித்துவிட வேண்டும். முகமூடி, முழுக்கை, காற்றுக்கு முதுகு காட்டி நிற்பது இதெல்லாம் தெரிந்ததுதான், ஆனாலும் செய்வதில்லை.

அறுவடைக்குப் பிறகும் பூச்சி உண்டு

பூண்டைப் பிடுங்கி, தாளோடு நிழலில் பத்து நாள் வரை உலரவிட்டு, கட்டாகக் கட்டித் தொங்கவிடுகிறோம். உலராமல் குவித்தால் அழுகலோடு சிலந்தியும் சேர்ந்து பெருகும். கட்டுகளுக்கு இடையில் காற்றோட்டம் வேண்டும். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு வந்த பிறகும் பின்கட்டில் விறகடுப்பை மாமியார் விடவில்லை, விதைப்பூண்டு அந்த அடுப்புக்கு மேல் பரணில்தான் தொங்கும். புகை ஏறின பூண்டு சீக்கிரம் முளைக்காது, அந்துப்பூச்சியும் அண்டாது. விறகடுப்பு இல்லாதவர்கள் வலைச் சன்னல் வைத்த, ஈரமில்லாத அறையில் தொங்கவிடலாம்.

சேமிப்பில் வருபவை முக்கியமாக இரண்டு. பல்லுக்கு நடுவே நூல் கூடு பின்னி, பொடிப்பொடியாக எச்சம் கிடந்தால் அந்துப்பூச்சியின் புழு. தோலில் குண்டூசித் துளை இருந்தால் சிகரெட் வண்டு, மஞ்சள் கிழங்கு மூட்டையில் வரும் அதே பழுப்பு வண்டு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கட்டுகளை இறக்கித் தட்டுங்கள், கீழே விரித்த துணியில் தூள் விழுந்தால் அந்தக் கட்டை மட்டும் பிரித்து எடுத்துவிடலாம். பழைய சரக்கு இருக்கும் அறையில் புதுச் சரக்கை ஏற்றாதீர்கள், முதலில் பெருக்கி, சுவர் இடுக்கு வரை துடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள். சாப்பிடும் பூண்டின் மேல் எந்த மருந்துப் பொடியும் தூவக்கூடாது, விதைக்கென்று தூவினதும் தவறிச் சமையலறைக்குப் போய்விடும்.

துளை விழுந்த கட்டு இருந்தால் அதை நல்லதோடு கலந்து சந்தைக்கு அனுப்பாதீர்கள். பெரியகுளம் பக்கம் வடுகபட்டியில் பூண்டுச் சந்தை வியாழனும் ஞாயிறும். அங்கே வியாபாரி முதலில் ஒரு பூண்டை உடைத்துப் பல்லைக் கட்டைவிரலால் அழுத்தித்தான் விலை பேசுவார். ஒரு சொத்தைப் பல் அகப்பட்டால் மூட்டை முழுக்க அந்த விலைதான். தனியாகத் தரம் பிரித்து, ஊறுகாய்க்கும் அரைவைக்கும் எடுப்பவரிடம் கொடுத்தால் நல்ல மூட்டையின் விலையாவது நிற்கும்.